ரோஜாவுக்கு வாங்கிய மருந்து கத்தரிக்கு வேண்டாம்

ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் மருந்து பாட்டில் மிச்சம் இருக்கும். கொல்லையில் உள்ள கத்தரியில் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) தெரிந்ததும் கை தானாக அதற்குத்தான் போகும். நானும் போயிருக்கிறேன்!

பாட்டிலில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். பச்சைதானே என்று அடித்துவிடவும் கூடாது. எந்தப் பயிருக்கு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று லேபிளில் இருக்கும். உங்கள் காய் அதில் இல்லையா, விட்டுவிடுங்கள். ரோஜாவைத் தலையில் வைக்கிறோம், கத்தரிக்காயைச் சாப்பிடுகிறோம். ஊடுருவிப் பாயும் மருந்து என்றால் செடிக்குள்ளேயே போய்விடும், காயை எவ்வளவு கழுவினாலும் முழுசாகப் போகாது.

நாலைந்து செடிக்கு மருந்தே எதற்கு? அசுவினி இலைக்கு அடியில்தான் அப்பியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். மிச்சத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலேயே மிதக்கும். வெயில் தாழ்ந்து அடியுங்கள், இல்லையென்றால் இலை கருகும். வாரம் ஒருமுறை போதும்.

அப்புறம், மிச்ச மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை இன்றைக்கே நிறுத்துங்கள்.