டிராக் டேவுக்கு டயரும் காற்றும்: காலையில் வைத்த அளவு மூன்றாவது லேப்பில் இருக்காது

முதன்முதலில் டிராக் டேவுக்கு, அதாவது பந்தயத் தடத்தில் நம் காரையே ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, போன அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, நான்கு டயரிலும் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்ததுதான். வேகமாகப் போகப் போகிறோம், காற்று நன்றாக இறுக்கமாக இருக்கட்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன், யாரையும் கேட்கவில்லை. முதல் லேப்பில், அதாவது முதல் சுற்றில், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது லேப்பில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் நேராகவே போகிறது, பின்பக்கம் எண்ணெய் தடவிய தரையில் நிற்கிற மாதிரி அலைகிறது, நான் டயரைத் திட்டிக்கொண்டே பிட்டுக்குள் (தடத்தை ஒட்டிக் காரை நிறுத்துகிற இடம்) வந்தேன். பக்கத்தில் நின்றவர் கேஜை (அழுத்தமானி) வைத்துப் பார்த்தார். 49.

டயர் மேல் எந்தத் தப்பும் இல்லை. காலையில் நாம் வைக்கிற எண் ஒரு ஆரம்பம் மட்டும்தான், ஓட்டும்போது டயருக்குள் இருக்கிற எண் வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல டயர் வாங்கியும் நேரம் குறையவில்லை என்று புலம்புகிற பலரிடம், ஒரு செஷன் (தொடர்ந்து ஓட்டுகிற ஒரு தவணை) முடிந்து வந்ததும் சூட்டில் எவ்வளவு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் இருக்காது.

கணக்கு சுலபம். டயருக்குள் இருக்கிற காற்று சூடாகும்போது விரியப் பார்க்கும், விரிய இடமில்லை, அதனால் அழுத்தம் ஏறும். கேஜ் காட்டுகிற எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தம் 14.7ஐக் கூட்டிக்கொண்டு, வெப்பநிலையைக் கெல்வினில் (டிகிரியோடு 273 கூட்டி) வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட சரியாக வரும். 25 டிகிரியில் 28 பிஎஸ்ஐ வைத்த டயர், உள்ளே 80 டிகிரி ஆனதும் ஏறக்குறைய 36 காட்டும். அதாவது ஆறேழு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ. நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று ஒரு பேச்சு உண்டு. ஏறும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். நைட்ரஜனில் கிடைக்கிற நிஜ லாபம் அதில் ஈரம் இல்லை என்பது மட்டும்தான், கம்ப்ரசர் தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் அந்த ஈரமும் டயருக்குள் போய் அழுத்தம் ஏறுவதைக் கணிக்க முடியாமல் செய்யும். தொட்டியில் தண்ணீரை வடித்துவிட்டு அடித்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

எந்த டயர் எடுப்பது

முதல் இரண்டு மூன்று டிராக் டேவுக்குப் புது டயரே வாங்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. காரில் இருப்பது வெடிப்பு இல்லாமல், வீக்கம் இல்லாமல், பஞ்சர் ஒட்டு இல்லாமல் இருந்தால் அதிலேயே ஓட்டுங்கள். சாலை டயர் தன் எல்லை நெருங்கும்போது கீச்சிட்டுச் சொல்லும், மெதுவாக வழுக்கும், நமக்குத் திருத்திக்கொள்ள நேரம் தரும். செமி ஸ்லிக், அதாவது பள்ளம் குறைந்த, மென்மையான பந்தய வகை டயர், அப்படி இல்லை, பிடித்துக்கொண்டே இருக்கும், விட்டால் பட்டென்று விடும், அந்த நேரத்தில் நாம் இருக்கிற வேகமும் அதிகம். அதோடு பிடிமானம் கூடினால் பிரேக், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ் எல்லாவற்றின் மேலும் சுமை கூடும். நீண்ட வளைவில் எஞ்சின் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய் பம்புக்கு எட்டாமல் போவதும் பல கார்களில் நடக்கிறது.

அடுத்த படிக்குப் போகிறவர்கள் பார்க்கிற முதல் எண் ட்ரெட்வேர். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். 100 என்று வைத்த ஒரு அடிப்படை டயரோடு ஒப்பிட்டு எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்கிற எண் அது, பிடிமானத்தை அளக்கிற எண் இல்லை. ஆனால் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும் என்பதால் மறைமுகமாகப் பிடிமானத்தையும் சொல்லும். இந்த எண்ணைக் கம்பெனிகளே சோதித்துப் போட்டுக்கொள்கின்றன, அதனால் இரண்டு கம்பெனிகளின் 200ம் 200ம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடும்பக் கார்களில் வருவது 400, 500 என்று இருக்கும். மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரி நல்ல கோடைக்கால டயர்கள் 300 பக்கம். தினமும் ஓட்டிப் போகிற காரிலேயே டிராக்கும் போகிறவருக்கு இந்த வகைதான் நிம்மதி.

அதற்குக் கீழே 200 வகை. இதற்குள்ளேயே குணம் பெரிதாக வேறுபடும். யோகோஹாமா அட்வான் ஏ052 முதல் லேப்பிலேயே பிடிக்க ஆரம்பித்துவிடும், ஆனால் சூடு கூடினால் சீக்கிரம் களைத்துவிடும், இரண்டு மூன்று வேக லேப்புக்கான டயர் அது. ஹான்குக் ஆர்எஸ்4 நேர் எதிர்: உச்சப் பிடிமானம் கொஞ்சம் குறைவு, ஆனால் இருபது நிமிட செஷன் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், தேய்மானமும் குறைவு. லேப் டைம் பட்டியலைப் பார்த்து ஏ052 வாங்கிவிட்டு, ஐந்தாவது லேப்பில் கார் மிதக்கிறது என்று குழம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எத்தனை லேப் தொடர்ந்து ஓட்டுவீர்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. டோயோ ஆர்888ஆர் மாதிரி 100ம் அதற்குக் கீழும் போனால் செமி ஸ்லிக், சூடாகும் வரை பிடிக்காது, தேங்கிய தண்ணீரில் பயமாக இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு மழையில் வீடு திரும்புவது தண்டனை.

வாங்கும்போது டாட் (DOT) என்று தொடங்குகிற வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15வது வாரம் தயாரித்தது. த்ரெட் (தரையில் படுகிற, பள்ளம் வெட்டிய ரப்பர்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை நான் டிராக்குக்கு எடுத்துப் போக மாட்டேன், ரப்பர் இறுகிப்போயிருக்கும். லோட் இண்டெக்ஸ் (எவ்வளவு எடை தாங்கும் என்கிற எண்), வேகக் குறியீடு இரண்டும் காரோடு வந்த டயருக்குக் குறையக் கூடாது. எச் என்றால் 210 கிமீ வரை, வி 240, டபிள்யூ 270. நான்கு சக்கரத்திலும் ஒரே டயர் போடுங்கள். முன்சக்கர டிரைவ் கார்தானே என்று நல்ல டயரை முன்னால் மட்டும் போட்டு, தேய்ந்ததைப் பின்னால் விட்டால் பிரேக் அடித்துக்கொண்டே வளைவுக்குள் நுழையும்போது பின்பக்கம் முன்னால் வந்து நிற்கும்.

இன்னொன்று, புத்தம் புது டயர் டிராக்குக்கு நல்லதில்லை. சுமார் 8 மிமீ ஆழத்தில் இருக்கிற த்ரெட் கட்டைகள் வளைவில் அங்கும் இங்கும் நெளியும், நெளிகிறது சூடாகும், சூடானது துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். நான்கைந்து மிமீக்குத் தேய்ந்த அதே டயர் காய்ந்த டிராக்கில் இன்னும் நன்றாகவே ஓடும். புதிதுதான் இருக்கிறது என்றால் ஓரிருநூறு கிலோமீட்டர் சாலையில் அமைதியாக ஓட்டிவிட்டுக் கொண்டு வாருங்கள், மேலே ஒட்டியிருக்கிற அச்சு மெழுகும் போகும்.

அன்றைய வேலை

கையில் ஒரு நல்ல கேஜ், ஒரு சின்ன கம்ப்ரசர், டார்க் ரெஞ்ச் (நட்டைச் சரியான அளவுக்கு இறுக்குகிற ஸ்பேனர்), சாக்பீஸ், நோட்டு. கேஜ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, எப்போதும் அதே கேஜாக இருந்தால் போதும், ஏனென்றால் இரண்டு கேஜ் ஒரே டயரில் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சகஜம். பெட்ரோல் பங்க் மெஷினில் அடித்துவிட்டு உங்கள் கேஜில் சரிபாருங்கள்.

சூட்டில் எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். டயர் கம்பெனி டிராக்குக்கு என்று ஏதாவது சொல்லியிருந்தால் அதுவே வேதம். இல்லையென்றால், நடுத்தர எடையுள்ள காருக்கு சாலை டயரில் 34 முதல் 38, செமி ஸ்லிக்கில் 30 முதல் 34 என்று தொடங்கலாம். கார் லேசானது என்றால் கீழே, கனமானது என்றால் மேலே. டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அழுத்தம் நாம் வைக்க வேண்டிய அளவு இல்லை, அதைப் பார்த்து யாரும் காற்று அடிக்க வேண்டாம்.

சூட்டில் 35 வேண்டும் என்று வையுங்கள். காலையில், நிழலில், டயர் தொட்டால் குளிர்ந்திருக்கும்போது 29 வைக்கிறோம். வெயிலில் நின்ற பக்கத்து டயர் ஓடாமலே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கினால் அந்தப் பக்கம் குறைந்துபோகும், அதனால்தான் நிழல். மிகவும் கீழிருந்தும் தொடங்க வேண்டாம், 24க்குக் கீழே போனால் பக்கவாட்டுச் சுவர் மடங்கி மடங்கியே சூடாகும், அது உள்ளே செய்கிற சேதம் வெளியே தெரியாது.

முதல் செஷனில் ஒரு லேப் மெதுவாக, அப்புறம் நான்கைந்து லேப் நிஜ வேகத்தில். பிரேக் ஆறுகிற அளவுக்கு மட்டும் வேகம் குறைத்து உள்ளே வாருங்கள், முழு லேப்பும் ஊர்ந்து வந்தால் டயரும் ஆறிவிடும், பிறகு கேஜ் பொய்தான் சொல்லும். நின்றதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுவிட்டு ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் நான்கையும் அளக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில். எழுதிக்கொள்ளுங்கள். 35க்கு மேல் இருப்பதை 35க்கு இறக்குங்கள். அடுத்த செஷன் முடிந்ததும் இதையே திரும்பச் செய்தால் அதற்குப் பிறகு பெரிதாக மாறாது, மதியம் தரை கொதிக்கிற வரை. அப்போது மறுபடி ஒருமுறை.

நான்கு மூலையும் ஒரே மாதிரி ஏறாது. கடிகாரச் சுற்றில் போகிற டிராக்கில் வலது வளைவுகள் அதிகம், சுமை இடது டயர்களுக்குப் போகும், அவை அதிகம் சூடாகும். அதனால் சூட்டில் நான்கும் சமமாக வர வேண்டும் என்றால் அடுத்த முறை ஆரம்பத்தில் இடது பக்கம் குறைவாக வைக்க வேண்டும். குளிர்ந்த டயரில் இடது 28, வலது 30 என்று பார்த்தால் தப்பாகத் தோன்றும். சரிதான் அது.

எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு, நானும் செய்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து கேஜை வைக்கிறோம், 29 காட்டுகிறது, ஐயோ குறைந்துவிட்டதே என்று அடித்து 35 ஆக்குகிறோம். டயர் ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த 35 ஓடிய பிறகு 42 ஆகும். ஆறிய டயருக்கு எந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்பதற்குத்தான் நோட்டு.

டயரைப் படிப்பது

எண் சரியாக இருந்தாலும் டயர் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். த்ரெட் முடிகிற ஓரத்திலிருந்து பக்கவாட்டுக்கு சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் தரையில் உருண்டிருக்கிறது. பல டயர்களில் அந்த இடத்திலேயே சின்ன முக்கோணக் குறி இருக்கும், தேய்மானம் அதைத் தாண்டிப் பக்கவாட்டுக்குப் போயிருந்தால் காற்று குறைவு, அல்லது கேம்பர் (சக்கரம் நிற்கிற சாய்வு) போதவில்லை. வெளி ஓரம் மட்டும் உருகிக் கிடப்பது பெரும்பாலும் கேம்பர் பிரச்சினை, சாலைக்கென்று செய்த கார்களில் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) குறைவாகத்தான் இருக்கும், அதைக் காற்றை ஏற்றி ஓரளவுக்குத்தான் சமாளிக்க முடியும்.

ரப்பருக்குள் ஊசியைச் செருகிப் பார்க்கிற வெப்பமானி இருந்தால் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். நடு அதிகச் சூடு என்றால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் நடுவைவிடச் சூடு என்றால் குறைவு. இன்ஃப்ராரெட் துப்பாக்கி மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், பிட்டுக்குள் வருவதற்குள் அது ஆறிவிடும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கைக்குத் தெரிவதும் முக்கியம். காற்று அதிகமென்றால் இரண்டு லேப் நன்றாக இருந்து அப்புறம் வழுக்கும். குறைவென்றால் ஸ்டீயரிங் திருப்பினதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருக்கும். முன்பக்கம் மட்டும் வெளியே போகிறது என்றால் முன்னால் ஒரு பிஎஸ்ஐ இறக்கிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அதற்கு முன், வளைவுக்குள் மிக வேகமாக நுழைகிறோமா என்றும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதி அண்டர்ஸ்டீர் (இப்படி முன்பக்கம் வெளியே போவது) அதுதான்.

மழை வந்தால் கணக்கு மாறும். ஈரத் தரையில் டயர் சூடாகாது, அழுத்தமும் ஏறாது, அதனால் 29லேயே விட்டால் கடைசி வரை 31தான். ஆரம்பத்திலேயே மூன்று நான்கு பிஎஸ்ஐ கூட வையுங்கள். 1960களில் நாசா கண்ட ஒரு சூத்திரம் இருக்கிறது: அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆல் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் வரும். 26 பிஎஸ்ஐக்கு மணிக்கு 85 கிமீ, 32க்கு 94. த்ரெட் நன்றாக இருந்தால் இதைத் தாண்டியும் தாங்கும், ஆனால் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிக்கும் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

மாலையில் கிளம்பும் முன், டயர் நன்றாக ஆறட்டும். பகல் முழுக்க இறக்கிக்கொண்டே வந்திருக்கிறோம், ஆறியதும் 27, 28தான் காட்டும். ஓட்டுநர் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருக்கிற அளவுக்குத் திரும்ப அடியுங்கள். உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள், அங்கே இருக்கிற வீக்கம் நின்றபடி பார்த்தால் தெரியாது. வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, வால்வு மூடி நான்கும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். என்னுடையது ஒன்று எப்போதும் பிட் தரையில்தான் கிடக்கும்.