வருமுன் காக்கும் முயற்சிகள் பிசகும் இடங்கள்

ஊருக்கோ தெருவுக்கோ உடல்நலம் சார்ந்து ஏதாவது செய்யலாம் என்று ஒரு குடியிருப்போர் நலச்சங்கமோ இளைஞர் மன்றமோ முடிவெடுத்தால், முதலில் நினைவுக்கு வருவது மருத்துவ முகாம். அடுத்தது விழிப்புணர்வுக் கூட்டம். இரண்டுமே தேவையானவைதான். ஆனால் இரண்டும் நோயின் காரணத்தைத் தனிமனிதரின் பழக்கத்தில் மட்டுமே தேடுகின்றன. அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வேலை நேரம், குழாயில் தண்ணீர் வரும் நாள், வீட்டுக்கு வரும் கூலி ஆகியவற்றை அவை கணக்கில் எடுப்பதில்லை. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் பல முயற்சிகள் பலனின்றிப் போவது இதனால்தான்.

முகாமையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாண மண்டபத்தில் நடக்கும் முகாமின் பதிவேட்டைப் புரட்டினால், ஓய்வூதியர்களும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வருபவர்களுமே அதிகம் இருப்பார்கள். ஞாயிறுதான் வியாபாரம் மிகுந்த நாள் என்று உழைக்கும் மீன் கடைக்காரரும், கூலிக்குக் கட்டட வேலைக்குப் போகிறவரும் அதில் இருக்க மாட்டார்கள். உயர் ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் மிகுதியாக இருக்கும் கூட்டம் அதுவே. முகாமின் நேரத்தையும் இடத்தையும் நடத்துபவர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்வது சிறு பிழையாகத் தோன்றலாம். யாருக்காக முகாமோ அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் பிழை அது.

அளக்கும் முறையிலும் கவனக்குறைவு மிகுதி. வரிசையில் அரை மணி நேரம் நின்று, வழியில் காபி குடித்துவிட்டு வந்தவரை முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, "சுகர் இருக்கா? வீட்டில் யாருக்காவது இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ரத்த அழுத்தம் பார்ப்பது முகாம்களில் வழக்கமான காட்சி. இவற்றில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். முறைப்படி, அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபியோ புகையிலையோ கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் அமைதியாக முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் பாதங்களைத் தரையில் பதித்து உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக உயர் ரத்த அழுத்தம் என்று உறுதி செய்வார்கள். ஒரே ஒரு தடவை அவசரமாக அளந்து ஒருவரை நோயாளி என்று அறிவிப்பதும், "கொஞ்சம் ஜாஸ்தி, பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் ஒரே அளவு தவறானவை. முதலாவது வீண் பயத்தைத் தரும். இரண்டாவதோ எங்கே, எப்போது, யாரிடம் போக வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பதிலே தராது.

பரிசோதனைக்குப் பிறகு யார் வீட்டுக்குப் போய்க் கேட்பது என்பதில்தான் முகாமின் பயன் தீர்மானமாகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இடைவெளியை நோக்கியே வந்தது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருவதால், ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டிய நிலை குறைகிறது. ஆகவே முகாம் நடத்துபவர்கள் அளவு கூடுதலாக இருந்தவர்களின் பட்டியலை, அவர்களின் ஒப்புதலோடு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திடம் சேர்ப்பது, முகாமின் படங்களைப் பகிர்வதை விட முக்கியமானது.

வாழ்க்கைச் சூழலைக் கேட்காமல் வழங்கும் அறிவுரை அடுத்த பிழை. துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கும் பெண்ணிடம் தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதும் அப்படித்தான். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில், அந்தப் பெண் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றின் மூலகாரணம் அவருடைய அறியாமையில் இல்லை. கேரளம் 2018-இல் முன்கை எடுக்க, தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. நின்றே வேலை பார்ப்பவர்களின் கால்களில் வரும் நரம்புச் சுருட்டல் பற்றிய பத்து சொற்பொழிவுகளை விட, கடையில் அந்த இருக்கை உண்மையில் போடப்பட்டிருக்கிறதா, அதில் உட்கார்ந்தால் முதலாளி முகம் சுளிக்காமல் இருக்கிறாரா என்று பார்ப்பது பயன் தரும்.

டெங்கு வரும்போது பழி எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் டிரம்களிலும் சிமென்ட் தொட்டிகளிலும் நீர் பிடித்து வைத்தவர்களே குற்றவாளிகள் என்ற தொனியில் அறிவிப்புகள் அமைகின்றன. நான்கு நாளுக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் பிடித்து வைக்காமல் எப்படிச் சமைப்பது? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விட, இப்படி வீட்டுக்குள்ளும் வாசலிலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே அதிகம் நாடுகிறது. ஆக, நீர் விநியோகம் சீரற்றுப் போவதும் டெங்குவின் காரணங்களுள் ஒன்றாகிறது. புகை மருந்து அடித்தால் போதும் என்று தெருவே கோருவது இன்னொரு பிழை. அது பறக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைக் கொல்லுமே தவிர, தொட்டியில் இருக்கும் புழுவையும் முட்டையையும் தொடாது. நீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி நிரப்புவதும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, நீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், வாரத்துக்கு ஒரு நாள் உட்சுவரைத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இடைவெளியில்லாமல் மூட வேண்டும். இதை வீட்டுக்காரர் செய்யட்டும். தண்ணீர் வரும் நாளை உள்ளாட்சி அமைப்பு முன்கூட்டியே அறிவித்து, அதன்படி தரட்டும். ஒரு பக்கத்தை மட்டும் அபராதம் போட்டுத் திருத்த முனைவது நியாயமும் அன்று, பயனும் தராது.

உணவைத் தருமக் கணக்கில் எழுதி, மருந்தை மட்டும் மருத்துவக் கணக்கில் எழுதுவது நெடுநாளாக நீடிக்கும் தவறு. காசநோயின் வரலாறு இதற்குச் சரியான சான்று. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெருக்கடியான வீட்டில் எளிய உணவோடு இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும், காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தவர்களைப் போலவே குணமடைந்ததை 1959-இல் வெளியிட்டது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட வழிவகுத்த முடிவு அது. ஆனால் மருந்து ஒழுங்காகச் சென்றால் குணமாகும் என்று அந்த ஆய்வு காட்டியதை, காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லை என்று பலர் படித்துக்கொண்டார்கள். நோயிலிருந்து குணமாவது வேறு, நோயே வராமல் இருப்பது வேறு. இந்த இரண்டாவது கேள்விக்கு ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023-இல் விடை தந்தது. காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் ஆகியவை கொடுக்கப்பட்டன. அவை தரப்படாத குடும்பங்களோடு ஒப்பிட, அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் அந்தப் பணத்தில் வாங்கிய முட்டையை நோயாளி மட்டும் தனியே சாப்பிடுவார் என்று எதிர்பார்ப்பவர்கள், நம் வீடுகளில் தாய்மார் எப்படிப் பரிமாறுவார்கள் என்பதை அறியாதவர்கள். தெருவில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் ஒதுக்குவதை விட்டுவிட்டு, அந்த வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்குப் போனார்களா, பருப்பு இருக்கிறதா என்று விசாரிப்பதே தடுப்பு மருத்துவம்.

எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. எல்லாம் சமூகக் காரணம்தான் என்று சொல்லிக்கொண்டே, கையில் இருக்கும் எளிய வழியைத் தவறவிடுகிறார்கள். அழுத்தம் 130-க்கு இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது இதில் முதன்மையானது, இறங்கியதே மாத்திரையால்தான். உப்பிலும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள். குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடுகிறது.

இவற்றையெல்லாம் பேசுவதற்கு இடமில்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் பகுதி சபைகள் இருக்கின்றன. அங்கே "சுகாதாரத்தை மேம்படுத்த வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போடுவது கடைசித் தவறு; அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடந்த மூன்று மாதத்தில் துணை சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாள் கையிருப்பில் இல்லை, எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை தண்ணீர் வரும், சந்தையில் பெண்களுக்கான கழிப்பறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, கிடைத்த பதிலைத் தேதியோடு தீர்மானப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும்.