‘வீனஸ் இன் ஃபர்’ படிக்க இரண்டு நிறப் பென்சில்

டேவிட் ஐவ்ஸின் ‘வீனஸ் இன் ஃபர்’ (2010) நாடகத்தில் இருவர்தான்: இயக்குநர் தாமஸ், நடிகைத் தேர்வுக்குத் தாமதமாக வரும் வாண்டா. தேர்வுக்காக இருவரும் 1870-இல் வெளிவந்த, சாகர்-மசோக்கின் ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ நாவலின் பாத்திரங்களாகவும் பேசுவதால், வேகமாகப் படித்தால் யார் குரல் என்பதே குழம்பிவிடும். அவர்களாகவே பேசும் வரிகளை நீலத்திலும் பாத்திரமாகப் பேசுபவற்றைச் சிவப்பிலும் கோடிடுங்கள். எந்த நிறம் என்று முடிவுசெய்ய முடியாத வரிக்கு ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஆசை கசிவது பெரும்பாலும் அங்கேதான். மேடைக்குறிப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். உடை மாற்றுவது, விளக்கைச் சரிசெய்வது போன்ற சின்னச் செயல்களிலேயே அதிகாரம் கைமாறத் தொடங்கிவிடும். பிற்பகுதியில் இருவரும் வேடத்தையே மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பக்கங்களையாவது இன்னொருவரோடு சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள்.