சென்னையில் ஃபேரி ரோல்பிளே: எந்த ஆட்டம், எந்த விதியை மாற்றுவது?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்துவதே ரோல்பிளே. இக்கால நகரத்தில் ஃபேரிகள், அதாவது மேற்கத்தியக் கதைகளின் மாய இனத்தினர், ஒளிந்து வாழும் ஆட்டங்களில் மூன்றை மட்டும் ஒப்பிட்டாலே போதும். உங்கள் மேசையில் எது தீர்ந்துபோனால் ஆட்டம் சூடுபிடிக்கும் என்று முதலில் யோசியுங்கள்.

கனவு தீர வேண்டுமென்றால் ‘சேஞ்ச்லிங்: தி ட்ரீமிங்’ (1995). மனிதராகப் பிறந்த ஃபேரிகளிடம் ‘பனாலிட்டி’ என்கிற சலிப்பு ஏற ஏற மாயம் வற்றும். நிதானம் தீர வேண்டுமென்றால் ‘சேஞ்ச்லிங்: தி லாஸ்ட்’ (2007). ஃபேரிகளால் கடத்தப்பட்டுத் தப்பி வந்தவர்களுக்கு எது நிஜம் என்ற தெளிவே குலையும். கடத்தலும் வதையும் கதையின் அடித்தளம் என்பதால், யாருக்கு எது வேண்டாம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘அர்பன் ஷாடோஸ்’ (2015) ஆட்டத்தில் ஃபேரி பல பாத்திர வகைகளில் ஒன்றுதான். யார் யாருக்கு உதவிக்கடன் பட்டவர் என்பதிலேயே கதை ஓடும்.

பகடைக் கணக்கும் முக்கியம். லாஸ்டில் பத்துமுகப் பகடையில் 8, 9, 10 விழுந்தால் வெற்றி. 10 விழுந்தால் அதை மறுபடி உருட்டலாம். 3 பகடைக்கு ஒரு வெற்றியாவது கிடைக்க 66%, 5 பகடைக்கு 83%. அர்பன் ஷாடோஸுக்கு லூடோ பெட்டியில் இருக்கும் சாதாரணப் பகடை இரண்டு போதும்: கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6-க்குள் சிக்கல். பத்துமுகப் பகடை இல்லையா? சீட்டுக்கட்டில் ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டு மிச்சம் 40 சீட்டில் உருவுங்கள். உருவியதைத் திரும்பச் செருகிக் கலைக்காவிட்டால் வாய்ப்புக் கணக்கு சரியும்.

சென்னையில் முதலில் இடறுவது லாஸ்டின் பருவ அவைகள்: பாத்திரங்கள் சேரும் நான்கு அணிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம், ஒரு உணர்ச்சி. வசந்தம் ஆசை, கோடை கோபம், இலையுதிர்காலம் அச்சம், குளிர்காலம் துயரம்; பருவம் மாறினால் ஆட்சியும் கைமாறும். இலையுதிர்காலமே இல்லாத ஊரில் பெயரை மட்டும் மொழிபெயர்த்தால் ஆட்சி மாறியது யாருக்கும் உறைக்காது. உணர்ச்சியைத் தொடாமல் காலத்தை மாற்றுங்கள். கோபத்துக்குக் கத்திரி வெயில். துயரத்துக்கு ஆடி: புதுமணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் மாதம். அச்சத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆசைக்கு மார்கழி: கச்சேரி, கேன்டீன், புதுப் பட்டு. மாயசக்தியை மனிதர்களின் உணர்ச்சியிலிருந்துதான் பாத்திரங்கள் அறுவடை செய்கின்றன. அந்த உணர்ச்சி அந்த மாதத்தில் தெருவில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாஸ்டில் மனித உலகுக்கும் ஃபேரி உலகுக்கும் நடுவே உள்ள முள்வேலிக் காட்டைச் சீமைக்கருவேலமாக வர்ணியுங்கள். அதன் வாசலுக்குப் பறக்கும் ரயில் நிலையங்களின் வெறிச்சோடிய கான்கிரீட் தளங்களைவிட நல்ல இடம் கிடைக்காது. ஃபேரிகளை மோகினி, முனி என்று மாற்றும் ஆசை வரும், வேண்டாம். அவற்றுக்குத் தனிக் கதையும் வழிபாடும் உண்டு, ஆட்டத்தின் ஒப்பந்த விதிகளோடு ஒட்டாது.

ஃபேரிகளுக்கு இரும்பு ஆகாது என்ற விதி வேறு கதை. ராத்திரியில் கறிச்சோறு கொண்டுபோனால் கூடவே ஒரு இரும்புத்துண்டு வைக்கும் ஊரில் அந்த விதியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எது இரும்பு என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். எஃகையும் சேர்த்தால் மின்சார ரயிலில்கூட ஏற முடியாமல் பாத்திரங்கள் வீட்டிலேயே முடங்கும். எஃகு, எவர்சில்வர் செல்லாது. இரும்பு தோசைக்கல்லும் அரிவாள்மனையும் செல்லும் என்று வைத்தால் சமையலறையே ஆயுதக்கிடங்கு.

லாஸ்டின் முதல் பதிப்பில் சத்தியம் செய்ய வேலை, வரம், தண்டனை, காலம் நான்குக்கும் மதிப்புப் போட்டுக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். நடுக்காட்சியில் கால்குலேட்டரைத் தேடுவார்கள். ஒரே வாக்கியமாகச் சொல்லவையுங்கள்: “அடுத்த பௌர்ணமி வரை உன் வாசலைக் காப்பேன், தவறினால் ஒரு வாரம் என் குரல் உனக்கு.” வாக்கு, கெடு, தண்டனை மூன்றும் இருந்தால் செல்லும்.

ட்ரீமிங்கில் தகராறு பனாலிட்டியில்தான். ஓ.எம்.ஆர். வேலை என்றாலே சலிப்பு ஏறும் என்று வைத்தால் பாதிப் பேரின் பாத்திரம் முதல் வாரத்திலேயே காலி. மாயத்தைக் கண்ணால் கண்டும் மறுத்தால் மட்டும் 1 புள்ளி ஏற்றுங்கள். பொய்யே பேசும் பூக்கா வகையை எடுப்பவருக்குக் காட்சிக்கு ஒரு உண்மையை இலவசமாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் துப்பறியும் காட்சி நகராது.

அர்பன் ஷாடோஸில் கடன் சேர்ந்துகொண்டே போகும், யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணாச்சி கடை மாதிரி ஒரு கணக்கு நோட்டு மேசை நடுவில் இருக்கட்டும். 3 அமர்வுகளாகத் தொடாத கடனை, எதிரணி ஆள் ஒருவர் விலைக்கு வாங்கிவிட்டதாகக் கதையை நடத்தும் கேம் மாஸ்டர் எழுதிக்கொள்ளலாம்.