புதுச்சேரி கடற்கரைப் பகுதியை நடந்து பார்ப்பது எப்படி: முதல்முறை வருபவர்களுக்கு ஒரு காலை நேர வழித்தடம்

முதல்முறை புதுச்சேரிக்கு வருபவர்கள் பெரும்பாலும் பீச் ரோட்டில் ஒரு நடை நடப்பார்கள், மஞ்சள் சுவர் முன்னால் நாலு படம் எடுப்பார்கள், வெயில் ஏறியதும் காருக்குள் போய்விடுவார்கள். இந்த ஊரை அப்படிப் பார்த்தால் பாதிகூடத் தேறாது. கடல், அதை ஒட்டிய பிரெஞ்சுக் குடியிருப்பு, நடுவில் பெரிய வாய்க்கால், அதற்கு மேற்கே தமிழர் தெருக்கள் என்று கிழக்கிலிருந்து மேற்காக அடுக்கடுக்காக அமைந்த ஊர் இது. கரையோடு மட்டும் நடந்தால் ஓர் அடுக்கோடு நின்றுவிடுவீர்கள். குறுக்கே நடந்தால்தான் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம் கண்ணில் படும்.

கீழே உள்ள வழித்தடம் சுமார் 6 கிலோமீட்டர். நின்று நிதானமாகப் பார்த்தால் ஐந்து மணி நேரம் ஆகும். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். வெயிலையும் கதவு திறக்கும் நேரங்களையும் பார்த்துத்தான் இப்படி அமைத்திருக்கிறோம்.

கிளம்புமுன்

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. ஆசிரமம், கோயில் என்று செருப்பைக் கழற்ற வேண்டிய இடங்கள் உண்டு. லேஸ் கட்டிய ஷூ போட்டால் ஒவ்வொரு வாசலிலும் உட்கார வேண்டியிருக்கும். தோளும் முழங்காலும் மூடும் உடை போதும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கிழமையைப் பாருங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறில் பீச் ரோட்டில் கூட்டம் நெரியும். செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். புயல் எச்சரிக்கை இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வரைபடத்தை போனில் இறக்கிக்கொள்ளும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல தெருக்களுக்கு இரண்டு பெயர். லால் பகதூர் சாஸ்திரி வீதியை ஊரார் புஸ்ஸி வீதி என்பார்கள். கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள், வைசியாள் வீதி என்றால் உடனே கை காட்டுவார்கள். இரண்டு பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: வடக்கு முனையில் தொடங்குங்கள்

ஆட்டோக்காரரிடம் "பீச் ரோடு, தலைமைச் செயலகம்" என்று சொல்லுங்கள். மாலை 6 முதல் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அதனால் பக்கத்துத் தெருவிலேயே இறக்கிவிடுவார்கள், இரண்டு நிமிட நடைதான். சூரியன் உதிக்கும் நேரம் ஜனவரியில் 6.30-ஐ ஒட்டி, மே கடைசியில் 5.45-ஐ ஒட்டி இருக்கும். அதற்குக் கால் மணி முன்பே போய்விடுங்கள். 7.30-க்குள் இந்தச் சாலையை முடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. அதன்பின் ஸ்கூட்டர்கள் வந்துவிடும்.

படி 2: கரையோடு தெற்கே 1.5 கிலோமீட்டர்

கடலைப் பார்க்கும் முன் கரையைப் பாருங்கள். சாலை நெடுகப் பெரிய கருங்கற்கள் கொட்டிக் கிடக்கும். இது இயற்கையான கரை அல்ல. சோழமண்டலக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980-களின் பிற்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அங்கேயே தேங்கியது. வடக்கே இருந்த மணலைக் கடல் கொண்டுபோனது, ஆனால் புது மணல் வந்து சேரவில்லை. கடற்கரை கரைந்து, சாலையைக் காப்பாற்றக் கல் கொட்ட வேண்டியதாயிற்று.

தலைமைச் செயலகம் எதிரே மட்டும் மணல் விரிந்திருப்பதற்கும் காரணம் உண்டு. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் அங்கே கடலுக்கடியில் எஃகால் ஆன செயற்கைத் திட்டு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் அதில் மட்டுப்பட, மணல் மறுபடி சேரத் தொடங்கியது. இந்த ஊரில் மிக முக்கியமாகப் பார்க்க வேண்டிய ஒன்று இது என்பது எங்கள் எண்ணம். சிலைகளைக் கடந்து போகலாம். இந்த மணல் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதை நின்று பாருங்கள்.

கற்கள்மேல் ஏறாதீர்கள். பாசி படிந்து வழுக்கும், இடுக்கில் கால் சிக்கினால் எலும்பு முறியும். நீச்சலுக்கும் ஏற்ற கடல் இல்லை இது.

தெற்கே நடக்க நடக்க வருபவை: முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரிழந்தவர்களின் நினைவுச் சின்னம் (ஜூலை 14 அன்று விளக்குப் போடுவார்கள்), 1836 முதல் 1979 வரை எரிந்த பழைய கலங்கரை விளக்கம், அடுத்து காந்தி சிலை. சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுத் தூண்களும் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. ஒரு தூணின் அருகில் போய்ச் சிற்ப வேலையைக் கவனியுங்கள். பெரும்பாலோர் சிலைக்கு முன்னால் படம் எடுத்துவிட்டு இவற்றைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

ஒருகாலத்தில் கப்பல்கள் ஆழக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சலங்குப் படகுகள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்க்கும். பிறகு 1866-இல் இங்கே ஒரு பாலம் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டது. 1952 புயல் அதைச் சிதைத்துவிட்டது.

இன்னும் தெற்கே மேரி கட்டடம் (பிரெஞ்சில் 'மேரி' என்றால் நகர மன்றம்). 2014 மழையில் இடிந்து விழுந்து, பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-இல் திறக்கப்பட்டது. தெற்கு முனையில் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை. அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள், கடலோரமாக அல்ல, உள்ளே.

படி 3: தூமா வீதியில் வடக்கே

கடலுக்கு இணையாக ஒரு தெரு உள்ளே ஓடுவது தூமா வீதி. காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால் கிழக்குப் பக்கச் சுவரின் நிழல் தெருவில் விழும். வடக்கே நடக்கும் உங்களுக்கு அது வலப்பக்கம். அந்தப் பக்கமாகவே நடந்தால் ஒன்பது மணி வரை தலையில் வெயில் படாது.

இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிவது 1855-இல் கட்டப்பட்ட தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம். முகப்பு கடலைப் பார்த்திருப்பதால் படத்துக்குக் காலை வெளிச்சமே சரி. மாலையில் வந்தால் முகப்பு இருண்டிருக்கும். எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. வழிபாடு நடந்தால் வாசலோடு நின்றுகொள்ளுங்கள்.

இந்தப் பகுதி வீடுகளின் அமைப்பு எளிது. தெருவைப் பார்த்து உயரமான மதில், பெரிய கதவு, உள்ளே முற்றமும் தோட்டமும். சுண்ணாம்புப் பூச்சு, சட்டம் வைத்த மர ஜன்னல்கள், மேலே மரக்கட்டைகள்மீது செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கரை போட்டிருந்தால் அது பெரும்பாலும் அரவிந்தர் ஆசிரமக் கட்டடம்.

இவை மனிதர்கள் குடியிருக்கும் வீடுகள். கதவில் சாய்ந்து, படிக்கட்டில் உட்கார்ந்து படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வேண்டுமானால் எதிர்ச்சாரியில் நின்று எடுங்கள், சுவர் முழுதாகவும் வரும்.

படி 4: பாரதி பூங்கா, ஆசிரமம், மணக்குள விநாயகர்

எட்டு மணிவாக்கில் பாரதி பூங்காவுக்கு வந்திருப்பீர்கள். பிரெஞ்சுக் கோட்டை இருந்த இடம் இது. 1761-இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் பிரெஞ்சுக் குடியிருப்பையும் தரைமட்டமாக்கினார்கள். இவ்வளவு நேரம் நீங்கள் பார்த்த வீடுகள் எல்லாம் அதற்குப் பிந்தியவை.

நடுவில் உள்ள வெள்ளை மண்டபம் ஆயி மண்டபம். மேற்கே முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. அந்த ஊரில் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். கண்ணெதிரே இவ்வளவு கடல் இருந்தும் குடிக்கத் தண்ணீர் மேற்கிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

ராஜ் நிவாஸைத் தாண்டி வடக்கே போனால் அரவிந்தர் ஆசிரமம். காலை 8 முதல் 12 வரை, மறுபடி மதியம் 2 முதல் 6 வரை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள், போனை அணைத்துவிட வேண்டும், சமாதி அருகே பேசக் கூடாது. பன்னிரண்டரைக்கு வந்து கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்புவோர் தினமும் உண்டு. மணக்குள விநாயகர் கோயிலும் பக்கத்தில்தான், அதுவும் மதியம் நடை சாத்திவிடும்.

படி 5: வாய்க்காலைத் தாண்டுங்கள்

ரங்கப்பிள்ளை வீதியில் நேராக மேற்கே நடங்கள். கொஞ்ச தூரத்தில் பெரிய வாய்க்கால், அதை ஒட்டி இருபுறமும் செஞ்சி சாலையும் ஆம்பூர் சாலையும். வெயில் காலத்தில் நாற்றம் இருக்கும், அதற்காகக் கடந்து ஓடாதீர்கள். கிழக்கே திரும்பிப் பார்த்தால் மூடிய மதில்கள். மேற்கே பார்த்தால் தெருவைப் பார்த்துத் திறந்த கடைகளும் பலகைகளும். பிரெஞ்சுக்காரர்கள் வெள்ளையருக்கும் தமிழருக்கும் இடையே போட்ட கோடு இந்த வாய்க்கால்தான்.

அதே வீதியில் இன்னும் போனால் பெரிய மார்க்கெட். காலை பத்து மணிக்கு முன் போனால் பூவும் மீனும் உச்சத்தில் இருக்கும். மீன் பக்கம் தரை ஈரமாக இருக்கும், பார்த்துக் கால் வையுங்கள். மீன் விற்கும் அம்மாக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மார்க்கெட்டை ஒட்டித்தான் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. டூப்ளேயின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும்) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாளுக்கு நாள் காட்டுகிறது.

பசித்தால் நேரு வீதி இந்தியன் காஃபி ஹவுஸில் உட்காரலாம்.

படி 6: வைசியாள் வீதி

மிஷன் வீதியில்தான் சம்பா கோயில் இருக்கிறது, 1791-இல் முடித்த பேராலயம். அதைப் பார்த்துவிட்டு அதே வீதியில் வடக்கே நடந்து, வலப்பக்கம் வைசியாள் வீதிக்குள் நுழையுங்கள். இங்கே அவசரப்பட வேண்டாம். ஒரே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து எதிர்ச்சாரியில் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழே திண்ணை, வழிப்போக்கர் உட்கார மரத்தூண் தாங்கிய தாழ்வாரம், வேலைப்பாடுள்ள கதவு. மாடியிலோ வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், கைப்பிடிச் சுவர். கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. வாய்க்கால் பிரித்ததை இந்த வீடுகள் சேர்த்து வைத்திருப்பதால்தான் நடையை இங்கே கொண்டுவந்து முடிக்கிறோம். இந்தத் தெருவைப் புதுப்பித்ததற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது.

பதினொரு மணி ஆகியிருக்கும். கிழக்கு மேற்காக ஓடும் தெரு என்பதால் நிழல் தெற்குச் சாரியில்தான் கிடைக்கும். சூரியன் தலைக்கு வடக்கே போகும் மே முதல் ஜூலை வரை அதுவும் இருக்காது. அந்த மாதங்களில் இந்தப் படியை மாலைக்குத் தள்ளிவிடுங்கள்.

தெம்பு இருந்தால் இன்னும் வடக்கே ஈசுவரன் கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908-இல் இங்கே வந்தவர் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார்.

திரும்பும்போது

வைசியாள் வீதியின் கிழக்கு முனை ஆம்பூர் சாலையில் முடியும், அங்கே ஆட்டோ கிடைக்கும். மீட்டர் போடுவது அபூர்வம், ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். ரயிலில் போகிறவர்கள் அரை மணி முன்னதாகக் கிளம்பினால், நிலையத்தின் பக்கத்திலேயே உள்ள இருதய ஆண்டவர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையும் பார்த்துவிடலாம். இரவு தங்குபவர்களுக்கு மாலை 6-க்குப் பிறகு பீச் ரோடு மறுபடி வண்டியில்லாமல் இருக்கும்.