நூற்றைந்து நாள் கடலில் குடித்தனம்: முதல்முறை போகிறவர்களுக்கு

உலகச் சுற்றுக் கப்பல் என்றால் நாடு நாடாகப் பார்த்துக்கொண்டே போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2025 ஜனவரியில் சவுத்தாம்ப்டனில் ஏறினோம். மேற்கே போய், பனாமா, பசிபிக், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கொழும்பு, ஆப்பிரிக்காவின் தென்முனை என்று சுற்றி, ஏப்ரல் கடைசியில் ஏறிய இடத்திலேயே இறங்கினோம். மொத்தம் 105 நாள். அதில் கரையில் கால் வைத்தது 31 நாள்தான். மீதி 74 நாளும் சுற்றிலும் தண்ணீர். அதனால் என் முதல் யோசனை இதுதான்: ஊர் பார்க்கப் போகிறவர் மாதிரி மூட்டை கட்டாதீர்கள், குடித்தனம் வைக்கப் போகிறவர் மாதிரி கட்டுங்கள். கடல் நாட்களை நன்றாக வாழ்ந்தால்தான் கரை நாட்களும் ருசிக்கும்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. தபால் துறையில் இருந்து சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். கூட வந்தவர் என் நாத்தனார், இங்கிலாந்தில் லெஸ்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். துணை ஒருவர் இருப்பது பேச்சுக்கு மட்டுமல்ல, பணத்துக்கும் நல்லது. இருவருக்கான அறையில் தனியாளாகப் போனால், வராத இரண்டாவது ஆளின் கட்டணத்திலும் பெரும்பகுதியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு விசாதான் பெரிய வேலை. அக்காவிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அவர் சில படிவங்களை நிரப்பியதோடு முடித்துவிட்டார். எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. ஒரு தூதரகத்தில் பாஸ்போர்ட் இருக்கும்போது இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது, எல்லாம் வரிசையில்தான் நடக்கும். அமெரிக்க விசாவில் ஆரம்பியுங்கள். நேர்காணலுக்குக் காத்திருப்பது அதிகம், கிடைத்தால் பத்து வருடம் செல்லும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்துதான் கேட்க முடியும், அதைப் பின்னால் வையுங்கள். பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள். எங்கள் கப்பல் ஜனவரியில் போர்ச்சுகலின் மதீராவிலும் ஏப்ரலில் ஸ்பெயினின் டெனரீஃபிலும் நின்றது. இரண்டும் ஷெங்கன் மண். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்திருந்தால் கடைசித் துறைமுகத்தில் மாட்டியிருப்பேன். கடைசியில் சவுத்தாம்ப்டனிலேயே இறங்க வேண்டியிருப்பதால், பிரிட்டன் விசாவும் பலமுறை நுழைவதாகவே இருக்க வேண்டும். இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னாலும் பல நாடுகளுக்கு விசா இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது 60 பக்கப் புத்தகமாகக் கேட்டு வாங்குங்கள். முத்திரை விழ இடம் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி: பனாமா, ஆப்பிரிக்கா என்று பாதை இருந்தால் சான்றிதழ் கேட்பார்கள். நம் பக்கத்தில் சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆனால் 60 வயது தாண்டியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளவே கூடாது. அந்த வயதில் பக்கவிளைவு அபாயம் கூடுதல். வேண்டாம் என்று அவர் சொன்னால் விலக்குக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அதை ஏற்பார்களா என்று கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அறை

வாந்தி, தலைசுற்றல் பயம் இருந்தால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்காருவது போல, அங்கே ஆட்டம் குறைவு. எங்களுடையது ஜன்னல் இல்லாத உள்ளறை. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாது. கப்பலின் முகப்புக் கேமரா காட்டும் சேனல் ஒன்று டிவியில் வரும். சத்தத்தைக் குறைத்து அதை ஓடவிட்டுத் தூங்கினோம். விடிந்தால் திரை வெளுக்கும், எங்களுக்கு அதுதான் ஜன்னல்.

அறைச் சுவர்கள் இரும்பு. காந்தக் கொக்கி பத்துப் பன்னிரண்டு கொண்டு போங்கள். ஈரத்துண்டு, பை, தொப்பி, ஜபமாலை எல்லாம் சுவரில் தொங்கும். இஸ்திரிப் பெட்டியோ தண்ணீர் சூடாக்கும் கம்பியோ கொண்டு போகாதீர்கள், ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். துவைக்கும் அறையில் இஸ்திரிக்கு இடம் உண்டு. கடல் நாளில் அங்கே வரிசை நீளும், மெஷினுக்காக மனஸ்தாபமே வரும். கரைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டால் மெஷின்கள் காலியாக இருக்கும்.

இரண்டு பேர் ஒரு சிறிய அறையில் 105 நாள். எவ்வளவு பாசம் இருந்தாலும் ஒரு ஒப்பந்தம் வேண்டும். நாங்கள் மதீராவைத் தாண்டுவதற்குள் பேசிவிட்டோம். காலை 5 மணிக்கு எழுந்து நான் டெக்குக்குப் போய்விடுவேன், 7:30 வரை அறை அக்காவுடையது. மதியம் 2 முதல் 4 வரை என்னுடையது, அவர் பாட்டுக் குழுவுக்குப் போய்விடுவார். இதைப் பேசத் தயங்கி, கடைசியில் முகம் பார்க்காமல் போன நல்ல தோழிகளை அந்தக் கப்பலிலேயே பார்த்தேன்.

புடவை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டுப்புடவை மூன்று போதும், எல்லா விருந்து இரவுக்கும் அதுவே ராஜ உடை. ஆனால் டெக்கில் காற்று முந்தானையைப் பிடுங்கும். சில இடங்களில் கப்பல் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்குவார்கள். அன்றைக்குச் சுடிதாரும் பிடிப்புள்ள செருப்பும்தான் சரி.

சாப்பாடு

நான் சைவம். ஏறிய முதல் நாளே சாப்பாட்டுக்கூடத் தலைமைப் பணியாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். தினமும் இரவு, மறுநாள் என்ன வேண்டும் என்று அவர் கேட்டு எழுதிக்கொள்வார். சமையலறையில் கோவாக்காரர்கள் இருந்தார்கள், தால் அருமையாக வந்தது. ரசத்துக்குத்தான் வழி இல்லை. வீட்டில் இடித்த பொடியைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பருப்புப்பொடிப் பாக்கெட் கேள்வியில்லாமல் போயிற்று. அதைக் கரைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நியூசிலாந்தில் அறிவிக்காமல் ஒரு ஆப்பிள் கொண்டு இறங்கினாலும் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் போடுவார்கள். செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூடப் பார்ப்பார்கள்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் போதாது. கப்பலில் பரவி வாந்தி பேதி தரும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான் மருந்து என்று அக்கா மேஜையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

மணியும் மாத்திரையும்

கிழக்கே போகும் கப்பல், மேற்கே போகும் கப்பல் இரண்டும் கிடைத்தால் மேற்கே போவதையே எடுங்கள். மேற்கே போனால் சில நாளுக்கு ஒருமுறை இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். கிழக்கே போனால் அதே கணக்கில் தூக்கம் பறிபோகும். இப்படிச் சேர்த்த மணிகளுக்கெல்லாம் பசிபிக்கில், நாள் மாறும் தேதிக்கோட்டைத் தாண்டும்போது, ஒரு முழு நாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹவாயிலிருந்து சமோவாவின் ஆபியாவுக்குப் போகும் வழியில் எங்களுக்கு வெள்ளிக்கு அப்புறம் ஞாயிறு வந்தது. நான் பெருமாளுக்குச் சனிக்கிழமை விரதம் இருப்பவள். அந்த வாரம் சனிக்கிழமையே இல்லை. ஞாயிறன்று இருந்து முடித்தேன், மனசு சமாதானமாயிற்று. சமோவாவே 2011 டிசம்பர் 30-ஐக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டுத் தேதிக்கோட்டின் மறுபக்கம் போன நாடு என்று அன்றைய சொற்பொழிவில் கேட்டபோது, ஒரு தேசமே செய்ததை நான் செய்தால் என்ன என்று தோன்றியது.

இதனால்தான் கிழமை எழுதிய மாத்திரை டப்பா வேண்டாம் என்கிறேன். அக்கா எனக்கு 1 முதல் 105 வரை எண் போட்ட சின்னக் கவர்களில் மாத்திரைகளைப் பிரித்துக் கொடுத்தார். நாளுக்கு ஒரு கவர். அதில் காலை உணவுக்கு ஒன்று, இரவு உணவுக்கு ஒன்று, கடிகாரத்தைப் பார்க்கவே வேண்டாம். அசல் அட்டைகளையும் மருத்துவர் சீட்டையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம். இரண்டு வாரத்துக்கு அதிகப்படியாக எடுங்கள். கப்பல் மருத்துவமனையில் சின்ன வைத்தியத்துக்கே பெரிய பில் வரும். அதனால் ஹெலிகாப்டரில் தூக்கிப் போகும் செலவு வரை சேர்த்த காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள்.

கடல் நாள்

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலு 2,000 கடல்மைலுக்கு மேல். 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கடல்மைல், ஒரு நாளைக்கு 480 கடல்மைல், ஆக நாலரை நாள் போல. அங்கிருந்து ஆபியா அதைவிட அதிகம். முதல் நாள் விடுமுறை மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் கை கால் என்ன செய்வதென்று தேடும். அதற்குள் உங்களுக்கு என்று ஒரு வேலை அமைந்திருக்க வேண்டும்.

நான் பேரனின் பள்ளி அட்லஸைக் கொண்டு போயிருந்தேன். தினமும் பகல் 12 மணிக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் அட்சரேகை, தீர்க்கரேகை, கடலின் ஆழம், காற்று எல்லாம் சொல்வார். பென்சிலால் புள்ளி வைத்து முந்தைய நாள் புள்ளியோடு சேர்ப்பேன். பத்தாம் நாளில் எங்கள் மேஜைக்காரர்கள் தேடி வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். போனில் வரும் வரைபடத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. செய்கிற வேலை எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள்.

பாதியில் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் உண்டு. சிட்னியில் எங்கள் மேஜையில் இரண்டு பேர் இறங்கினார்கள். 45 நாள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், அன்று இரவு அந்த நாற்காலிகளைப் பார்க்க முடியவில்லை. முகவரியைக் கடைசி இரவுக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள், அன்றைக்கு யாருக்கும் பேச்சு வராது.

பனாமா கால்வாய் கடக்கும் நாளில் மட்டும் அறையில் இருக்காதீர்கள். கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்க ஆகும். விடிவதற்கு முன்பே முகப்பு டெக்கில் இடம் பிடியுங்கள். கட்டூன் என்ற இடத்தில், கதவு மூடித் தண்ணீர் நிரப்பும் பூட்டுத்தொட்டிகளில், மூன்று படியாகக் கப்பலை 26 மீட்டர் உயர்த்துவார்கள். பம்பு கிடையாது, ஏரித் தண்ணீர் தானாக இறங்கி வந்து தூக்குகிறது. எங்கள் கப்பல் 1914-இல் திறந்த பழைய தொட்டிகளில் போயிற்று. சுவருக்கும் கப்பலுக்கும் இடையே இரண்டு பக்கமும் ஒரு முழம் ஒன்றரை முழம்தான் இருக்கும், கீழ் டெக்கில் நின்றால் அந்தக் காங்கிரீட்டின் கறைகூடத் தெரியும். மறுமுனையில் கப்பலைக் கீழே இறக்கும் தொட்டிகள் வரும்போது கப்பலின் பின்பக்கம் போய்விடுங்கள், கதவு மூடித் தண்ணீர் வடிவதை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்கலாம்.

கரையில்

இறங்கும் முன் படியோரம் வைத்திருக்கும் பலகையைப் போட்டோ எடுங்கள். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று அதில் இருக்கும். அது கப்பல் நேரம். ஊர் நேரம் வேறாக இருக்கலாம், போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதனால் கையில் சாதாரண வாட்ச் கட்டுங்கள். அன்றைய நிகழ்ச்சித் தாளில் துறைமுக ஏஜெண்டின் எண் அச்சாகியிருக்கும், அதைக் கிழித்துப் பையில் வையுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்குக் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போக வேண்டும். நான் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுவேன். சிங்கப்பூருக்கு மட்டும், அங்கே போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். மறந்தால் வரிசையில் பாதி நாள் போய்விடும்.

ஒரு துறைமுகத்தில் ஐந்து இடம் பார்க்க ஓடாதீர்கள். ஒன்று போதும். மொரீஷியஸின் போர்ட் லூயியில் நான் தேர்ந்தது கோடான் கடற்கரையில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகம். 1847-இல் வெளியான மொரீஷியஸ் தபால்தலைகள், சிவப்பு ஒரு பென்னி, நீலம் இரண்டு பென்ஸ், அங்கே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் அசலுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். போனதும் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் தபால்தலையில் முத்திரை குத்திய கை என்னுடையது. விளக்கு எரிந்த சில நிமிஷமும் கண் இமைக்கவில்லை. வெளியே வந்து தபால் அட்டை வாங்கினால், மீதிச் சில்லறையாகக் கையில் வந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து. கப்பலுக்கு நடந்து திரும்பும் வரை அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலில் வந்திறங்கிய நம்மவர்கள் 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போனவர்கள். அங்கே பன்னி சௌ சாப்பிடுங்கள், ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது. சைவத்துக்கு பீன்ஸ் என்று கேளுங்கள்.

தபால் அட்டை அனுப்புகிறவர்களுக்கு: ஞாயிறு வந்தால் தபால் நிலையம் மூடியிருக்கும், அட்டை வாங்கும் கடையிலேயே ஸ்டாம்பும் கேளுங்கள். முகவரியில் இந்தியா என்று ஆங்கிலத்தில் பெரிதாக, தனி வரியில் எழுதுங்கள். முந்தின இரவே எழுதி வைத்தால் கரையில் நேரம் போகாது. என்னுடையவற்றில் நான்கு, நான் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தன.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள், விடியும்போது அவை இருக்காது. மறுநாள் உடுத்த வேண்டியது, செருப்பு, மாத்திரைக் கவர் 105, பாஸ்போர்ட் நான்கையும் முதலில் கைப்பையில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பெட்டியைப் பூட்டுங்கள்.