கொல்லிமலையில் நாலு நாள், அவசரமில்லாமல்: முதல்முறை பை தூக்கி நடப்பவர்களுக்கு

நண்பர்களோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு மூணு நாலு நாள் மலையில் நடக்க ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று கேட்பவர்களுக்கு நான் கைகாட்டுவது கொல்லிமலையைத்தான். வெள்ளியங்கிரிக்கு ராத்திரி ஏறி விடிந்ததும் இறங்குகிறோமே, அது வேண்டுதல், அதன் கணக்கே தனி. இங்கே நான் சொல்வது மெதுவாக நடந்து, தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மறுநாள் மறுபடி நடப்பது. அதற்குக் கொல்லிமலை மாதிரி தோதான இடம் கொங்குப் பக்கம் வேறு இல்லை. ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் மலைக்கு மேலேயே வயலும் ஊரும் கடையும் பரந்து கிடக்கின்றன, யாருக்காவது கால் முடியவில்லை என்றால் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிக்கொள்ளலாம், கூடாரமும் தேவையில்லை.

முதலில் ஆள், தேதி, அனுமதி

நாலு பேர் போதும். ஆறு பேரைத் தாண்டினால் அறை கிடைப்பதிலிருந்து டீ சொல்வது வரை எல்லாமே இழுக்கும். கிளம்பும் முன் ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், யார் சமையல், பொதுப்பணம் யார் கையில் என்று பேசிவிடுங்கள். நடையில் வரும் சண்டை பாதி இந்தப் பேச்சிலேயே தீர்ந்துவிடும்.

தை, மாசிதான் நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அருவிப் பக்கம் விடமாட்டார்கள். ஆடி 17, 18 வாக்கில் வல்வில் ஓரி விழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் அறை தேடி அலைய வேண்டிவரும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஊர்களுக்கு இடையே உள்ள ரோட்டிலும் தோட்டத்துத் தடத்திலும் நடக்கலாம். காப்புக்காட்டுக்குள் போகும் தடம் என்றால், அது எவ்வளவு பழைய வழியாக இருந்தாலும், வனத்துறையைக் கேட்காமல் காலை வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் காட்டுத்தீயில் இறந்துபோனார்கள். கோடையில் புல் காய்ந்த சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனுசன் ஓட முடியாது. காட்டுக்குள் அடுப்பு மூட்டுவது, பீடி சிகரெட் பற்றவைப்பது எதுவுமே வேண்டாம்.

பை கட்டுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். உங்கள் எடை அறுபது கிலோ என்றால், தண்ணீரும் சேர்த்துப் பை பத்து கிலோவைத் தாண்டக் கூடாது. முதல்முறை என்றால் எட்டே போதும். வீட்டிலேயே தூக்கி எடை பாருங்கள். இடுப்புப் பட்டை உள்ள பையாக இரவல் வாங்கினாலும் சரிதான், ஏனென்றால் சுமை தோளில் தொங்கக் கூடாது, இடுப்பில் உட்கார வேண்டும். முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கிவிட்டு, அப்புறம்தான் தோள்பட்டையை இழுக்க வேண்டும்.

அடியில் ராத்திரி மட்டும் தேவைப்படும் போர்வை, மாற்றுத்துணி. நடுவில் முதுகை ஒட்டி அரிசி, குக்கர் மாதிரி கனமானவை. கனம் முதுகை விட்டு வெளியே தள்ளி இருந்தால் பை பின்னால் இழுக்கும், சாயங்காலம் கழுத்து பிடித்துக்கொள்ளும். மேலே மழைக்கோட்டு, டார்ச், தின்பண்டம். எல்லாவற்றையும் உள்ளே ஒரு பெரிய பாலிதீன் உறையில் போட்டு வாயைச் சுருட்டிவிடுங்கள். உர மூட்டைக்குள் வருமே, அந்த உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் அதைவிடக் கெட்டி எதுவும் இல்லை.

ஷூ புதிதாக வேண்டாம். புதிதுதான் என்றால் இரண்டு வாரமாவது வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள். காலில் எங்கேயாவது சுடுகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே நின்று, சாக்ஸைக் கழற்றி, ஈரம் துடைத்து, அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அடுத்த கடை வரட்டும் என்று தள்ளிப்போட்டால் கொப்புளமாகிவிடும், அப்புறம் நாலு நாளும் அதோடுதான்.

சாப்பாடு

முதல் நாளுக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு, புளிசாதம்தான் தாங்கும். மற்ற நாளில் ஒரு வேளை கடையில், ஒரு வேளை சொந்தச் சமையல். சமையலுக்கு அரிசிம்பருப்பு சாதத்தை அடிக்க ஆளில்லை. ஒரு டம்ளர் அரிசிக்கு கால் டம்ளருக்குச் சற்று அதிகமாகத் துவரம்பருப்பு, இரண்டு வரமிளகாய், சீரகம், மஞ்சள்தூள், உப்பு, இதைக் கலந்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக வீட்டிலேயே கட்டிவிடுங்கள். அங்கே போய் எண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, பொட்டலத்தைக் கொட்டி, தண்ணீர் விட்டு மூடினால் முடிந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு சீக்கிரம் வேகாது, சின்ன குக்கராகவே கொண்டுபோங்கள். தங்குமிடத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு அவர் காட்டும் இடத்தில் மட்டும் சமையுங்கள். வழியில் கொறிக்க நிலக்கடலையும் வெல்லமும் இருந்தால் பிஸ்கட்டைத் தேட மாட்டீர்கள்.

முதல் நாள்

நாமக்கல்லிலோ சேலத்திலோ காலையிலேயே பஸ் பிடியுங்கள். அடிவாரம் காரவள்ளி, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், முன் சீட்டாகப் பாருங்கள். மேலே சோளக்காட்டில் இறங்கி, மலைக்காரர்கள் கொண்டுவந்து விற்கும் வாழைப்பழம், மிளகு, அந்தப் பருவத்துப் பழம் எதுவோ கொஞ்சம் வாங்கிக்கொண்டு செம்மேட்டுக்கு நடங்கள். பை எங்கே உரசுகிறது, யார் நடை எப்படி என்பதெல்லாம் இந்தச் சின்ன நடையிலேயே தெரிந்துவிடும். ராத்திரி செம்மேட்டில் தங்கல். அறையை முன்பே போனில் பேசி வைத்திருங்கள்.

இரண்டாம் நாள்

பை அறையிலேயே இருக்கட்டும். வாசலூர்பட்டி படகுத்துறை, சீக்குப்பாறை காட்சிமுனை, இடையில் காபித் தோட்டத்து நிழல், இவ்வளவு போதும். ஒரு நாள் வீணாகிறதே என்று தோன்றினாலும் இந்த நாளை வெட்டாதீர்கள், முதல் நாள் வலி இறங்கினால்தான் மூன்றாம் நாள் பை கனக்காது.

மூன்றாம் நாள்

அறப்பளீஸ்வரர் கோயிலை நோக்கிப் பையோடு நீண்ட நடை. வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். மெதுவாக நடப்பவர் முன்னால், வலுவான ஆள் கடைசியில்; மாற்றி விட்டால் முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி, பின்னால் வந்தவர் சேர்ந்ததும் எழுந்துவிடுவார்கள், அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினால் அடியைச் சின்னதாக்குங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை பையை இறக்கிப் பத்து நிமிடம் உட்காருங்கள். பிரிவு வந்தால் மேப்பை மட்டும் நம்பாமல், தோட்டத்தில் நிற்பவரிடம் "ஏனுங்ணா, கோயிலுக்கு இந்தத் தடத்துல போலாங்களா?" என்று கேளுங்கள். வெயில் ஏறி ஒருவர் முகம் மாறினாலே பஸ் வரும் இடத்தில் நின்றுவிடுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. மூன்று மணிக்குள் கோயில் பக்கம் சேர்ந்தால் குளித்து, துணி காயப்போட்டு, சாமி பார்க்கவும் நேரம் இருக்கும்.

நாலாம் நாள், ஆகாயகங்கை

கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே இறங்குகின்றன. ஐயாறு என்ற ஆறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து ஆகாயகங்கை அருவியாக விழும் இடம் அது. மற்ற மலையில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம், இங்கே தலைகீழ். இறங்கும்போது தெம்பாக இருக்கும், குளித்ததும் இன்னும் தெம்பு வரும், அப்புறம்தான் அத்தனை படியும் ஏற வேண்டும். அதனால் உடம்பில் இருக்கும் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்குவதில் செலவழிக்காதீர்கள். பையை மேலேயே விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கடலை, ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் பலவீனம் என்றால் மூங்கில் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும். படி ஈரமாக இருந்தால் பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்து வந்தால் மேலே மழை என்று அர்த்தம், செல்ஃபியை விட்டுவிட்டு உடனே கரை ஏறுங்கள். குடித்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம். படியில் உடைந்து கிடக்கும் பாட்டில் சில்லு அடுத்து வருபவரின் வெறும் காலில்தான் ஏறும், கோயிலுக்கு வருபவர்கள் பலர் செருப்பில்லாமல் நடப்பவர்கள்.

ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு சீரானதும் ஏறுங்கள், நெடுநேரம் உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும். மேலே வந்ததும் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ குடித்துவிட்டு மதியப் பஸ்ஸைப் பிடியுங்கள். கடைசிப் பஸ்ஸை நம்பி உட்கார வேண்டாம், நேரத்தை முந்தின நாளே டீக்கடையில் கேட்டு வையுங்கள். பிளாஸ்டிக் குப்பை முழுக்க உங்கள் பையிலேயே கீழே வரட்டும். வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் பையைக் கவிழ்த்து உதறி, ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து நிழலில் காயப்போட்டுவிட்டுத் தூங்குங்கள்.